அழுதால் போலீஸ் வரும்

"ஒனக்கு இன்னாத்துக்குடி இந்தக் கதை? ஆபீஸ்ல வேல இல்லியா? ஒருத்தி அழுதா எதுக்கு அழுதா, யாரு அழ வெச்சான்னு நோண்டிக்கினே இருக்கணுமா?"

முதலில் இப்படித்தான் திட்டினேன். திட்டு வாங்கியவள் எங்கள் ஹோமில் ஆபீஸ் வேலை பார்க்கிற பெண். திட்டினால் போய்விடுவாள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ சொல்லு ஆயா, நான் எழுதறேன்" என்று பேனாவைத் திறந்துவிட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதைவிட வாத்தியாருக்குப் பயந்து மாட்டுக் கொட்டகையில் ஒளிந்ததுதான் ஜாஸ்தி. ஆகையால் சொல்வது நான், எழுதுவது அவள். என் வாயில் வருகிறதை எல்லாம் முகம் கழுவி, தலை சீவி, பவுடர் போட்டுத்தான் தாளில் உட்கார வைக்கிறாள். படிக்க நன்றாக இருந்தால் அவளைப் பாராட்டுங்கள். பொய் ஏதாவது தட்டுப்பட்டாலும் அவளையே கேளுங்கள்.

பெயர் ஒன்றும் சொல்ல மாட்டேன். எங்கள் ஹோம் கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் போகிற பக்கம் இருக்கிறது. அப்பா அம்மா இல்லாத பெண் பிள்ளைகள், இருந்தும் வைத்துக்கொள்ள முடியாதவர்களின் பிள்ளைகள், எல்லாரும் அங்கேதான். மாடியில் துணி காயப்போடப் போனால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். எனக்கு வேலை, பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, பேன் பார்ப்பது, சடை பின்னுவது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் கிடப்பது. வேலைக்கும் ஆயா, வயசுக்கும் ஆயா.

ஒரு நாள் ஹோமை நடத்துகிற மேடம் எங்களை எல்லாம் கூப்பிட்டார். "எல்லாருக்கும் டிரெய்னிங் இருக்கு. ஆயா, நீங்களும் வரணும்."

"இந்த வயசுல இன்னா டிரெய்னிங்கு மேடம்? ஓட்டப் பந்தயமா?"

"பிள்ளைங்க மனச எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லித் தருவாங்க."

"மனசு பாக்கறதுக்குத்தான் டாக்டரு இருக்காரே. நாம பேனுதான பாக்கறோம்?"

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காவிட்டால் போய்த்தான் ஆக வேண்டும்.

தியாகதுருகம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். திருக்கோவிலூர்ப் பக்கம் இருந்தெல்லாம் என் மாதிரி ஹோம் வேலைக்காரிகள் வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவள் சென்னைப் பெண். ஒல்லியாக, தோளில் ஜோல்னாப் பையோடு இருந்தாள். சோப்பு விற்க வந்தவள் வழி தவறி வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைத் திறந்ததும் அந்த நினைப்புப் போயிற்று. எங்களில் பாதிப் பேரைப் பிள்ளைகள் மாதிரித் தரையில் உட்காரச் சொன்னாள். மீதிப் பேர் நின்றுகொண்டு, ஹோமில் எப்படிப் பேசுவோமோ அப்படியே பேச வேண்டும்.

நான் தரையில். எனக்கு எதிரே நின்றவள் எங்கள் சமையல்காரி. என்னைவிட இளையவள், என்னை அக்கா என்பாள். இதற்காகவே பல காலம் காத்திருந்தவள் போல, "எய்ந்து வாடி கய்த! ஒன்ன எத்தினி வாட்டி கூப்புடறது?" என்று மண்டபம் அதிரக் கத்தினாள்.

சென்னைப் பெண் என் பக்கம் குனிந்து, "கீழே இருந்து பாக்க எப்படி இருந்துச்சு ஆயா?" என்று கேட்டாள்.

"மூக்கு ரெண்டும் கொகை மாரி தெரிஞ்சுது. உள்ள வௌவாலு இருக்குமோன்னு பயந்துட்டேன்."

மண்டபமே சிரித்தது. சமையல்காரி மட்டும் ஹோம் வந்து சேரும் வரைக்கும் பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. சென்னைப் பெண்ணும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "அதான் சொல்றேன். பிள்ளைங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி கீழே உக்காருங்க. ஏன், எதுக்குன்னு கேக்காதீங்க. சும்மா பக்கத்துல இருங்க. அழுதா 'அழாதே'ன்னு சொல்லாதீங்க. அவங்களுக்குத் தோணுறப்ப அவங்களே சொல்லுவாங்க."

வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பதற்கு ஒரு டிரெய்னிங். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம்.

திரும்பி வரும்போது ஒரு படம் கொடுத்து அனுப்பினாள். சிரிக்கிற முகம், சோகமான முகம், கோபமான முகம், பயந்த முகம் என்று வட்ட வட்டமாக வரைந்திருந்தது. தினமும் சாயங்காலம் பிள்ளைகள் வரிசையாக வந்து, அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தைத் தொட வேண்டும். நாங்கள் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் ஒரு சின்னப் பெண் சோகத்தைத் தொட்டாள். பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கை தானாகச் சுருக்குப் பைக்குள் போய் ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான். மறுநாள் வரிசையில் முக்கால்வாசிப் பேருக்குச் சோகம். அதற்கு மறுநாள் ஹோமே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. படத்துக்குப் பக்கத்தில் வரும்வரை இடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஒருத்தி தெளிவாகவே வியாபாரம் பேசினாள். "ஆயா, சோகத்துக்கு மிட்டாய் குடுக்கற. பயத்துக்கு இன்னா குடுப்ப?"

மேடம் பார்த்துவிட்டுப் பதறிப்போய், சென்னைப் பெண்ணுக்கு போன் போட்டு என் கையில் கொடுத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். பிறகு, "மிட்டாய நிறுத்திடுங்க ஆயா. ஆனா ஒண்ணு சொல்லுங்க. மிட்டாய் கிடைக்கும்னு தெரிஞ்சும் சோகத்தத் தொடாத பொண்ணு யாராவது இருக்காளா?" என்றாள்.

இருந்தாள். ஒரே ஒருத்தி.

அவள் மலைப் பெண். மழைக்காலத்தில் தங்கச்சியோடு வந்தவள். அவர்கள் அம்மா மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போனாள். போனவளிடம் இருந்து சேதி இல்லை. இவள் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைத் தேடி மலையில் இருந்து பஸ் ஏறிவிட்டாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், கேரளா எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? அங்கேயே நின்றவர்களைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள்.

வந்த நாளில் இருந்து அவளைப் போலத் தங்கமான பிள்ளை இல்லை என்று நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம். எப்போது பார்த்தாலும் சிரிப்பு. துணி துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து முகவாய் கிழிந்தபோது, சிரித்துக்கொண்டே தையல் போட்டுக்கொண்டாள். டாக்டர்கூட, "என்ன தைரியம் பாருங்க" என்றார். தங்கச்சியை விட்டு அந்தண்டை இந்தண்டை நகர மாட்டாள். குட்டிக்கு உதடு துடித்தால் போதும், இவள் கை போய் அந்த வாயைப் பொத்தும். இன்னொரு கை அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும். சாயங்காலம் படத்துக்கு வந்தால், தங்கச்சி விரலையும் பிடித்துத் தன் விரலோடு சிரிக்கிற முகத்தின் மேல் வைப்பாள். மற்றவர்கள் மிட்டாயைச் சப்பிக்கொண்டு நிற்க, இவர்கள் வெறும் வாயோடு சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஒரு சனிக்கிழமை அவள் பின்பக்கத்துக் குழாயடியில் தங்கச்சி கவுனைத் துவைத்துக்கொண்டிருந்தாள். குட்டி அந்தப் பக்கம் சோப்பு நுரையை ஊதி விளையாடிக்கொண்டிருந்தது. சரி, டிரெய்னிங்கைக் காட்டுவோம் என்று நானும் போய்த் தரையில் உட்கார்ந்தேன். என் முழங்காலைப் பற்றிச் சென்னைப் பெண்ணுக்கு என்ன தெரியும்? உட்காருவது சுலபம். எழுந்திருப்பதற்கு அவள் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உட்கார்ந்தேன். பேசவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கவுனைக் கசக்கினாள். நான் எறும்பைப் பார்த்தேன். வாயில் நூறு கேள்வி வந்து முட்டுகிறது, எல்லாவற்றையும் முழுங்கினேன். கடைசியில் கால் மரத்துப்போய், அது என் கால்தானா என்று தொட்டுப் பார்க்கும்படி ஆகிவிட்டது. எழப் பார்த்தேன். முழங்காலில் சுளீர் என்று பிடித்தது.

வலி நிஜம். ஆனால் நான் சும்மா இருப்பேனா? பிள்ளைக்கு வேடிக்கை காட்டலாம் என்று முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, "ஐயோ, எங்கம்மா! என் காலு போச்சே!" என்று ஒப்பாரி வைத்தேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

சோப்புக் கை ஒன்று வந்து என் வாயைப் பொத்தியது.

"அழுவாதீங்க ஆயா! சத்தம் போடாதீங்க. போலீஸ் வந்துடும்."

என் வாய்க்குள் சோப்பு. துப்பக்கூட விடவில்லை. முந்தானையை விலக்கிப் பார்த்தால், அந்த முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் மட்டும் வாசல் கேட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதுக்கு என்று கேட்கக் கூடாது என்பதை மறந்து கேட்டுவிட்டேன். "யாருடி சொன்னா ஒனக்கு?"

"சமையல் அம்மாதான். வந்த அன்னிக்கு பாப்பா சோறு வேணாம்னு அழுதா. அழுதா போலீஸ் வந்து புடிச்சினு போய்டும்னு சொல்லிச்சு. நெஜந்தான் ஆயா. பஸ் ஸ்டாண்டுலயும் பாப்பா அழுதா, ஒடனே போலீஸ் வந்துச்சு, ஜீப்புல ஏத்தினு வந்துச்சு. இப்ப அழுதா அவள மட்டும் கூட்டினு போய்டும். சின்னவங்களுக்கு வேற ஹோம் இருக்குதாம். பெரிய அக்காங்க பேசிக்கினாங்க."

இந்த ஊரில் அந்தப் பேச்சைச் சொல்லாத வீடு உண்டா? 'அழுதா போலீஸ் புடிச்சிக்கும்.' வீட்டில் இருக்கிற பிள்ளை அதைக் கேட்டு அப்பன் மூஞ்சியைப் பார்க்கும், அப்பன் சிரிப்பான், அதோடு முடிந்தது. எங்கள் பிள்ளைகள் ஜீப்பை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்கள். இது யாருக்குத் தோன்றியது? தங்கமான பிள்ளை என்று நாங்கள் கொண்டாடிய சிரிப்பு எல்லாம், தங்கச்சியைப் பறிகொடுக்காமல் இருக்க அவள் போட்ட பூட்டு.

என்னைத் தூக்கிவிட அவள் ஒருத்தியால் ஆகவில்லை. நுரையோடு குட்டியும் வந்து, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து, தேர் இழுக்கிற மாதிரி இழுத்துத்தான் என்னை நிறுத்தினார்கள்.

நொண்டிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். சமையல்காரி கேட்டதும் எகிறினாள்.

"நான் இன்னா புதுசாவா சொல்லிட்டேன்? எங்கம்மா என்ன அப்படிச் சொல்லித்தான் வளத்தா. நான் என் புள்ளைங்கள அப்படிச் சொல்லித்தான் வளத்தேன். எந்தப் போலீஸ் வந்துச்சு?"

"ஒன் புள்ளைங்கள ஜீப்புலயா ஏத்தினு வந்து ஒங்கிட்ட வுட்டாங்க?"

அவள் ஏற்கெனவே கொதித்து இறக்கிய ரசத்தைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "இப்ப இன்னா பண்ணணும்னு அந்த மெட்ராஸ் பொண்ணக் கேளு அக்கா" என்றாள்.

போனில் கேட்டோம். "வராதுன்னு வாயால சொன்னா நம்ப மாட்டா. சொன்னவங்களே எடுத்துச் சொல்லட்டும். பொறுமையா, கொஞ்சம் கொஞ்சமா. அவ கண்ணால பாக்கணும்" என்றாள்.

எங்கள் சமையல்காரிக்கு மன்னிப்பு எல்லாம் கேட்க வராது. அவளுக்கு வருவது சமையல். ஆகையால் மறுநாள் காலையில் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, அக்காளையும் தங்கச்சியையும் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். நானும் முக்காலி போட்டுக்கொண்டு ஒரு கை கொடுத்தேன். உரிக்க உரிக்க அவள் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாத்துக்கோ. அழுவுறேன். தெனம் தெனம் இப்படித்தான் அழுவுறேன். எவன் வந்தான் என்னப் புடிக்க?" என்றாள்.

பெரியவள் சமையல்காரியைப் பார்ப்பாள், வாசலைப் பார்ப்பாள், மறுபடி சமையல்காரியைப் பார்ப்பாள். உதட்டில் அந்தச் சிரிப்பு. ஆனாலும் வாசலைப் பார்ப்பது கொஞ்சம் கம்மியாகிக்கொண்டு வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பார்த்து வெளியே ஜீப் வந்து நின்றது.

நிஜமான ஜீப், நிஜமான போலீஸ். மேடத்திடம் ஏதோ கேட்டுவிட்டுப் போக வந்த பெண் போலீஸ். மேடம் வெளியே போயிருந்ததால், தண்ணீர் குடிக்கலாம் என்று நேராகச் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் இருந்த இடம் காலி. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு கவுன் நுனி மட்டும் தெரிகிறது.

சமையல்காரி கையில் கத்தி, முகமெல்லாம் கண்ணீர். என் முகமும் அப்படித்தான். போலீஸ்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா ஆச்சு இங்க? எதுக்கு ரெண்டு பேரும் அழுவுறீங்க? யாரு இன்னா பண்ணாங்க?"

"வெங்காயம் மேடம்" என்றாள் சமையல்காரி.

"வெங்காயத்துக்கா இந்த அழுகை?" அவர் நம்பவில்லை.

"நம்பலைன்னா நீங்களே ரெண்டு உரிச்சுப் பாருங்களேன்" என்று பலகையைத் தள்ளினேன். "டீ கொதிக்கிற வரைக்கும்தான்."

"போலீஸுக்கே வேல வெக்கிறியா ஆயா நீ?" என்றாலும், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். நல்ல காரமான வெங்காயம். கொஞ்ச நேரத்திலேயே கண் மை ரெண்டு கன்னத்திலும் கோடு போட்டுவிட்டது. டிரம்முக்குப் பின்னால் இருந்து ஒரு சின்னத் தலை நீண்டது.

"அக்கா, போலீஸ் அழுவுது!"

ஒரு கை வந்து அந்தத் தலையை உள்ளே இழுத்தது. போலீஸ்காரம்மா திரும்பிப் பார்த்தார். "யாரு அது?"

நான் ஏதாவது தமாஷ் பண்ணிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன். சமையல்காரி என்னை முந்திக்கொண்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, டிரம் பக்கம் பார்த்தே சொன்னாள். "எம்மேலதான் தப்பு மேடம். அழுவுற புள்ளைய போலீஸ் வந்து புடிச்சினு போய்டும்னு நாந்தான் சொன்னேன். அது பொய்யி. வாய் கொழுத்துப் போய்ச் சொன்னேன்."

போலீஸ்காரம்மா புறங்கையால் கன்னத்தைத் துடைத்தார். மை இன்னும் கொஞ்சம் பரவியது. எழுந்திருக்காமல், டிரம்மைப் பார்த்துப் பேசினார். "அழுவுற புள்ளைங்கள நான் புடிக்க ஆரம்பிச்சா, மொதல்ல எங்க வூட்டுல இருக்கறதத்தான் புடிக்கணும். ஷூ போட மாட்டேன்னு காலைல இருந்து அழுதுனு இருக்குது."

டிரம்முக்குப் பின்னால் இருந்து பெரியவளின் குரல் மட்டும் வந்தது. "பாப்பாவக் கூட்டினு போவ வந்தீங்களா?"

"இல்லம்மா. யாரையும் கூட்டினு போவ வரல. தண்ணி குடிக்க வந்தேன். இவங்க வெங்காயம் உரிக்க வெச்சுட்டாங்க."

டீயைக் குடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அவர் கிளம்பினார். பெரியவள் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். ஜீப் நகர்ந்தது. ரோட்டில் திரும்பியது. பிறகு சத்தமும் இல்லை. அவள் இடுப்பில் இருந்த தங்கச்சியைத் தடவிப் பார்த்தாள். இருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம்தான் அழுதாள். முதலில் விக்கல் மாதிரி ஒன்று வந்தது. எப்படி அழுவது என்று மறந்துபோனவள் மாதிரி முகம் கோணியது. அதற்குப் பிறகு வந்தது பாருங்கள், அப்படி ஒரு அழுகை! மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்கள். "வந்துடறேன்னு சொன்னா ஆயா. மொளகு பறிச்சினு சீக்கிரம் வந்துடறேன்னுதான் சொன்னா" என்று அம்மாவைச் சொல்லிச் சொல்லி அழுதாள். அக்கா அழுது பார்த்திராத குட்டி, தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியமாக அவள் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தது. பலிக்கவில்லை. பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது.

'அழாதே' என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. உள்ளே தள்ளினால் மறுபடி வருகிறது. சமையல்காரி, "அழு..." என்று ஆரம்பித்தே விட்டாள், நான் முறைத்ததும் கடித்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து, ரெண்டு பேரையும் மடியில் இழுத்துப் போட்டு, வெங்காயக் கையாலேயே முகத்தைத் துடைத்துவிட்டாள். அதனால் அழுகை கொஞ்சம் நீண்டது.

மேடம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அம்மாவத் தேடச் சொல்லிக்கினே இருக்கேன். கெடைப்பாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா இங்க இருக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்பீங்க. நீ அழுதாலும் சரி, சிரிச்சாலும் சரி" என்றார். அவள் தலையை ஆட்டினாள். மூக்கு ஒழுகிக்கொண்டு, கண் வீங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. எங்களுக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல் இருந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பினேன். ஹோம் இருக்கிற தெருவே கேட்டு முன்னால் தயாராக நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தாள்.

"இன்னா ஆயா, ஜீப் வந்துச்சு? போலீஸ் எதுக்கு?"

பிள்ளைகள் கதையை வெளியே சொல்லக் கூடாது. பொய் சொல்லவும் எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை. ஆகையால் உண்மையையே சொன்னேன். "போலீஸ் வந்துச்சு. சமையல்கட்டுல குந்திக்கினு கண்ணீர் வுட்டுச்சு. ஒரு டீ குடிச்சுச்சு. போய்டுச்சு."

தெரு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எதிர்வீட்டுக்காரிதான் முதலில் வாயை மூடினாள். "அப்ப அந்தப் புள்ள அந்தக் கத்து கத்துச்சே? அடிச்சுட்டீங்களா?"

"அடிக்கல. எங்க வூட்டுப் பொண்ணு, அழணும்னு தோணுச்சு, அழுதா. தெனம் ஒம்பேரன் அழுவுறான், நான் எதுக்குன்னு ஒன்ன வந்து கேட்டேனா?"

அவள் இடுப்பில் இருந்தவன் என்னைப் பார்த்துச் சிணுங்கத் தொடங்கினான். அவள் பழக்க தோஷத்தில், "தோ பாரு, அழுத, போலீஸ்..." என்று ஆரம்பித்தாள்.

"போலீஸ் வேணாம்" என்றேன். "அது எங்க வூட்டுல அழுதுட்டு இப்பதான் களச்சுப் போயிருக்குது. வேணும்னா எங்க சமையல்காரியோட கொகை மூக்கக் காட்டு."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.